படைத்தவனைத் திட்டலாமா?

(வாசகர் கேள்வி - பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பலவும் ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன. கடவுள் படைத்த உலகத்தில் கஷ்டம் எதற்கு, கெடுதல் எங்கிருந்து வந்தது என்று ஆளுக்கொரு விதமாகக் கேட்டிருந்தார்கள். சமையல், சினிமா, அரசியல் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி மாணவர், திருச்சி: கடவுள் எல்லாம் வல்லவர், அன்பே வடிவானவர் என்கிறார்கள். துன்பத்தைத் தடுக்க அவரால் முடியாது என்றால் வல்லவர் இல்லை. முடிந்தும் தடுக்கவில்லை என்றால் அன்பானவர் இல்லை. இதற்கு எந்த மதமாவது நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறதா?

கிட்டத்தட்ட இதே கேள்வியை 2300 வருஷத்துக்கு முன்னால் கிரேக்க நாட்டில் எபிகியூரஸ் என்ற தத்துவ ஞானி கேட்டதாகச் சொல்வார்கள். அன்று முதல் இன்று வரை யாரும் இதை முழுசாக மூடி வைக்கவில்லை. ஆனால் நேர்மையாக முயன்றவர்கள் உண்டு, அதை நாம் மறுக்கக் கூடாது.

நம் ஊர்ச் சைவ சித்தாந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதத்தின் வழியில் பார்த்தால், உங்கள் கேள்வியின் முதல் வரியே அங்கே செல்லாது. உயிர்களைக் கடவுள் படைக்கவே இல்லை. பதி, பசு, பாசம், அதாவது இறைவன், உயிர், உயிரைக் கட்டிப் போடுகிற தளை, மூன்றும் தொடக்கம் இல்லாதவை. செம்பு இருக்கும்போதே அதில் களிம்பு இருக்கிற மாதிரி உயிரோடு ஆணவ மலம் என்ற அழுக்கு ஒட்டிக்கொண்டே இருக்கிறது, அந்த அழுக்கைப் போக்கத்தான் இறைவன் உடம்பையும் உலகத்தையும் கொடுக்கிறான் என்பது அவர்கள் வாதம். ஆக, அழுக்கை உண்டாக்கிய பழி இறைவன் மேல் வராது. கெட்டிக்காரத்தனமான பதில் என்று நான் இதைத் தள்ளிவிட மாட்டேன், ஏனென்றால் ‘எல்லாவற்றையும் அவனே ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தான்’ என்ற பெருமையை விட்டுக்கொடுத்துத்தான் இந்தப் பதிலை அவர்கள் வாங்கியிருக்கிறார்கள்.

வேதாந்திகள் வேறு வழியில் வந்தார்கள். அவர்களுடைய மூல நூலான பிரம்ம சூத்திரத்தில் இரண்டாம் அத்தியாயத்திலேயே இந்தக் குற்றச்சாட்டு வந்துவிடுகிறது: ஒருவனைச் சுகமாகவும் ஒருவனைத் துக்கமாகவும் படைத்தவன் பட்சபாதி, இரக்கமில்லாதவன் ஆக மாட்டானா? அவனவன் கர்மத்தைப் பார்த்துத்தான் கொடுக்கிறான், அதனால் பழி இல்லை என்று பதில். சரி, முதல் முதல் படைப்பில் கர்மம் ஏது என்று அடுத்த சூத்திரத்திலேயே எதிர்க்கேள்வி. உலகத்துக்கு முதல் என்பதே இல்லை, அநாதி என்று முடிக்கிறார்கள். அந்த எதிர்க்கேள்வியை எழுப்பியதற்காகவே அவர்களை மதிக்கிறேன், ஆனால் பதில் எனக்குப் போதவில்லை. கடன் எப்போது வாங்கினோம் என்று கேட்டால், எப்போதும் இருந்தது என்பது கடனுக்குக் கணக்கு ஆகாது.

கிறிஸ்தவர்கள் மனிதனுக்குக் கொடுத்த சுதந்திரத்தைச் சொல்வார்கள். அன்பு செய்யச் சுதந்திரம் வேண்டும் என்றால் கெடுதல் செய்யவும் அதே சுதந்திரம் இருந்துதான் தீரும். கொலைக்கும் கொள்ளைக்கும் போருக்கும் இது நல்ல பதில். பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டையோடு பிறக்கிற குழந்தைக்கு இது பதிலா? யாருடைய சுதந்திரம் அந்த ஓட்டையைப் போட்டது? இஸ்லாம் சோதனை என்று சொல்கிறது. பயத்தாலும் பசியாலும் உயிர், பொருள் இழப்பாலும் உங்களைச் சோதிப்போம், பொறுமையாளர்களுக்கு நற்செய்தி சொல்லுங்கள் என்று குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் வருகிறது. விவரம் தெரிந்த மனிதனை இந்த வார்த்தை எவ்வளவு தாங்கிப் பிடிக்கும் என்பதைப் பலரிடம் கண்ணால் பார்க்கிறோம். இரண்டு நாள் சிசுவுக்கு என்ன பரீட்சை என்று கேட்டால் மட்டும் எனக்கு வழி தெரியவில்லை.

நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன், அதைச் சொல்லிவிட்டே பேசுகிறேன். உங்கள் தர்க்கத்தை உடைக்கிற பதில் என்னிடம் இல்லை. ஆனால் நம்பிக்கையை விட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பதையும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. யாரும் படைக்காத, யாருக்கும் பொறுப்பில்லாத உலகம் என்றால் ஒரு குழந்தை சாவதும் ஓர் இலை விழுவதும் ஒரே கணக்குத்தான். ஆனால் நமக்கு அப்படித் தோன்றவில்லையே, இது நியாயமில்லை என்று மனசு அடித்துக்கொள்கிறதே, அந்த அடித்துக்கொள்ளல் எங்கிருந்து வருகிறது? அதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி, சேலம்: என் பெண்ணுக்கு ஆறு வயது. ரத்தப் புற்றுநோய் என்று போன வருஷம் சொன்னார்கள், சிகிச்சை நடக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் ‘போன ஜென்மத்துப் பாவம், என்ன செய்ய’ என்கிறார்கள். என் மாமியார், நான் கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே போனதுதான் காரணம் என்கிறார். ராத்திரி தூக்கம் வருவதில்லை. என் பாவமா ஐயா?

இல்லை அம்மா. உங்கள் பாவமும் இல்லை, உங்கள் பெண் பாவமும் இல்லை, கிரகணமும் இல்லை.

முதலில் வைத்தியம் சொல்வதைச் சொல்கிறேன். எலும்பு மஜ்ஜையில் ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கில் புது ரத்த அணுக்கள் உருவாகின்றன. செல் இரண்டாகப் பிரியும்போது அதன் மரபுச் செய்தியைப் படியெடுக்க வேண்டும். அந்தப் படியெடுப்பில் எங்கோ ஒரு செல்லில் பிழை விழுந்து, அந்த செல் நிற்காமல் பெருகுவதுதான் இந்த நோய். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது ஏன் வந்தது என்று காட்டும்படியான காரணம் எதுவும் இருப்பதில்லை. அம்மா சாப்பிட்டது, போனது, வந்தது எதுவும் இல்லை. உங்கள் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள், முடிந்தால் மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இப்போது அந்தப் ‘போன ஜென்மம்’. வினைக்கொள்கையை நம்புகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, என் வீட்டிலும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தன் கஷ்டத்தைத் தானே தாங்கிக்கொள்ள, அடுத்தவன் மேல் பகை வைக்காமல் இருக்க ஒரு மனிதன் அதைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் அதில் ஒரு கம்பீரம் உண்டு. ‘தீதும் நன்றும் பிறர்தர வாரா’ என்று பாடின கணியன் பூங்குன்றனார், அதே பாட்டில் பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே என்றுதான் முடிக்கிறார். பக்கத்து வீட்டுக்காரியின் குழந்தையைப் பார்த்துத் தீர்ப்பு எழுத அந்தப் பாட்டில் இடம் இல்லை. காய்ச்சலில் கிடக்கிற குழந்தையின் கட்டில் பக்கத்தில் நின்று பாவக் கணக்குப் படிக்கிறவர்கள் ஆறுதல் சொல்ல வரவில்லை. ‘இவள் ஏதோ செய்தாள், அதனால் வந்தது, நான் செய்யவில்லை, எனக்கு வராது’ என்று தங்கள் பயத்துக்குத்தான் மருந்து போட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. அதற்கு விலை நீங்கள் கொடுக்க வேண்டாம்.

பைபிளில் யோபுவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பிள்ளைகள், சொத்து, உடம்பு எல்லாம் போய்ச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிற மனிதனைப் பார்க்க மூன்று சிநேகிதர்கள் வருகிறார்கள். வந்தவர்கள் ஏழு நாள், ஏழு ராத்திரி அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் இருக்கிறார்கள். அதுவரைக்கும் நல்ல சிநேகிதர்கள். அப்புறம் வாயைத் திறந்தார்கள். நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், கடவுள் அநியாயம் செய்ய மாட்டார் என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். யோபு ஒத்துக்கொள்ளவே இல்லை, கடவுளையே வழக்குக்கு இழுக்கிறான். கடைசியில் கடவுள் வந்து யார் மேல் கோபப்படுகிறார் தெரியுமா? தன்னை ஆதரித்துப் பேசின அந்தச் சிநேகிதர்கள் மேல். என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்கிறார். இந்த இடத்தை எத்தனை தரம் படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவனைக் காட்டி, இவன் பாவமா, இவனைப் பெற்றவர்கள் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இவன் செய்ததுமல்ல, பெற்றவர்கள் செய்ததுமல்ல என்றுதான் இயேசுவும் சொன்னார்.

இன்னொன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்துபோனார். ஏன் என் தங்கைக்கு என்று அவரும் அழுதிருப்பார். சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை வர வேண்டும் என்று அப்புறம் பல வருஷம் வாசல் வாசலாக ஏறி இறங்கினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1954-ல் மருத்துவமனை திறந்தது. அந்தக் காலத்தில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தை சில மாதம் இருந்தால் அதிகம். இன்றைக்கு, குழந்தைகளுக்கு அதிகமாக வருகிற வகையில் முறையான சிகிச்சை கிடைத்தால் பத்தில் எட்டுக் குழந்தைகளுக்கு மேல் பிழைக்கிற நிலைக்கு மருத்துவம் வந்திருக்கிறது. இடையில் மருந்தை நிறுத்தாமல் இருப்பதுதான் இதில் முக்கியம். நாட்டு வைத்தியம், பரிகாரம் என்று யாராவது நடுவில் நிறுத்தச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். கோயிலுக்குப் போங்கள், வேண்டிக்கொள்ளுங்கள், ஊசி நாளைத் தவற விடாதீர்கள். உங்கள் பெண்ணுக்காக நானும் வேண்டிக்கொள்கிறேன்.

வாசகர், நாகப்பட்டினம்: சுனாமியில் வேளாங்கண்ணியில் மாதா கோயிலுக்குள் தண்ணீர் புகவில்லை, அற்புதம் என்கிறார்கள். அதே நாளில் கடற்கரையில் நின்ற யாத்திரிகர்கள் செத்தார்களே, அவர்களும் மாதாவைப் பார்க்க வந்தவர்கள்தானே? நானும் கிறிஸ்தவன்தான், ஆனால் இதைக் கேட்டால் சபையில் முறைக்கிறார்கள்.

கேளுங்கள். உங்கள் ஊர்க்காரருக்குக் கேட்க உரிமை இருக்கிறது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6000 பேருக்கு மேல் இறந்தார்கள். கோயிலுக்குள் இருந்து பிழைத்தவர்கள் நன்றி சொல்வது நியாயம், உயிர் பிழைத்தவன் நன்றி சொல்லாமல் என்ன செய்வான். ஆனால் அந்த நன்றியை ஒரு வாதமாக மாற்றி, ‘உள்ளே இருந்தவர்களைக் கடவுள் காப்பாற்றினார்’ என்று மேடையில் சொன்னால், வெளியே நின்றவர்களை அவர் கைவிட்டார் என்று சொல்லாமல் சொன்னதாக ஆகிவிடுகிறது. பிள்ளையை அலையில் பறிகொடுத்த தகப்பன் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

உங்கள் கேள்வியைப் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் நகரமும் கேட்டிருக்கிறது. 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் பெருவிழா, காலைப் பூசைக்குக் கோயில்கள் நிரம்பி வழிந்த நேரத்தில் பூமி அதிர்ந்தது. கூரைகள் பூசையில் இருந்தவர்கள் தலையில் விழுந்தன, ஏற்றி வைத்த மெழுகுவத்திகளிலிருந்தும் அடுப்புகளிலிருந்தும் நெருப்புப் பிடித்தது, தப்பி ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடல் வந்து எடுத்துக்கொண்டது. இது இயற்கையல்ல, லிஸ்பனின் பாவத்துக்குத் தண்டனை என்று மலக்ரிதா என்ற ஏசு சபைத் துறவி துண்டு நூலே போட்டார். அமைச்சர் பொம்பால் வேறொரு காரியம் செய்தார். நாட்டிலுள்ள கோயில் பங்குகளுக்கெல்லாம் கேள்வித்தாள் அனுப்பினார்: அதிர்ச்சி எவ்வளவு நேரம் இருந்தது? எந்தத் திசையிலிருந்து வந்தது? கடல் முதலில் உள்வாங்கியதா, பொங்கியதா? எத்தனை பேர் இறந்தார்கள்? பங்குச் சாமியார்கள் எழுதி அனுப்பின பதில்கள் இன்றைக்கும் நில நடுக்கத்தை ஆராய்கிறவர்களுக்குப் பயன்படுகின்றன.

நம் சுனாமியிலும் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் தட்டுகள் நகர்ந்தது காலை ஆறரை மணிக்கு, நம் நேரப்படி. அது ஏன் நகர்ந்தது என்பது கடவுளிடம் கேட்க வேண்டிய கேள்வியாக இருக்கலாம். அலை நாகைக் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் கரையில் இருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை ஏன் வரவில்லை என்பது மனிதர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. பசிபிக் கடலுக்கு ஹவாயில் 1949-லேயே எச்சரிக்கை மையம் வந்துவிட்டது. இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. இத்தனை பேர் போன பிறகு 2007-ல் ஹைதராபாத்தில் மையம் அமைத்தார்கள். 2012 ஏப்ரலில் மறுபடி சுமத்ராவில் பெரிய நில நடுக்கம் வந்தபோது உடனே எச்சரிக்கை வந்தது, கடற்கரையிலிருந்து ஜனங்களை வெளியேற்றினார்கள். அந்தத் தடவை பெரிய அலை எழவில்லை என்பது வேறு விஷயம்.

அதே 2004-ல், ஜூலை 16-ம் தேதி, உங்களுக்குப் பக்கத்துக் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் கருகினார்கள். அன்றைக்கும் ‘கடவுளே, உனக்குக் கண் இல்லையா’ என்று ஊரே கதறியது. கதறாமல் எப்படி இருக்க முடியும்? ஆனால் சமையல் நெருப்பு எட்டுகிற இடத்தில் வகுப்புக்கு மேலே கீற்றுக் கொட்டகை போட்டது கடவுள் இல்லை. ஒரே கட்டடத்தில் இத்தனை பிள்ளைகளை அடைத்ததும், ஓடி இறங்க வழி இருக்கிறதா என்று பார்க்காமல் அனுமதி கொடுத்ததும் அவர் இல்லை. வழக்கில் தீர்ப்பு வர 10 வருஷம் ஆனதற்கும் அவர் பொறுப்பில்லை. துன்பத்தைப் பற்றிப் பேசும்போது இந்தப் பாகத்தை முதலில் பிரித்து எடுத்து, பெயரும் பதவியும் சேர்த்து எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ‘விதி’ என்ற ஒரு வார்த்தைக்குக் கீழே ஒளிந்துகொண்டு நிறையப் பேர் தப்பித்துவிடுகிறார்கள்.

பிரித்து எடுத்த பிறகும் மீதி இருக்கும். எவ்வளவு எச்சரிக்கை வைத்தாலும் கரையில் யாரோ ஒருவர் சாவார். அந்த மீதிக்கு உங்கள் கேள்வி அப்படியே நிற்கிறது, நான் அதைக் கரைத்துவிடப் பார்க்கவில்லை. சபையில் முறைத்தால் முறைக்கட்டும்.

வாசகர், மதுரை: நல்லவன் கஷ்டப்படுகிறான், அயோக்கியன் கார் மேல் கார் வாங்குகிறான். வள்ளுவர் இதற்கு என்ன சொல்கிறார்?

‘அவ்விய நெஞ்சத்தான் ஆக்கமும் செவ்வியான் கேடும் நினைக்கப் படும்.’ பொறாமைக்காரன் வாழ்வதும் நேர்மையானவன் கெடுவதும் யோசிக்க வேண்டிய விஷயம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். உரைகாரர்கள் பழவினையைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். குறளில் காரணம் இல்லை. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

வாசகி, தஞ்சாவூர்: அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது. அப்பா தினமும் இரண்டு வேளை பூஜை செய்தவர். அம்மா போன அன்று பூஜை அறையைப் பூட்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டார். ‘அவன் மனுஷனா’ என்று சாமியைத் திட்டுகிறார். பெரியப்பா வந்து, இப்படிப் பேசினால் வீட்டுக்கு ஆகாது, பரிகாரம் செய்ய வேண்டும் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. கடவுளைத் திட்டலாமா?

பயப்படாதீர்கள் மகளே. உங்கள் அப்பா நல்ல கூட்டத்தில்தான் இருக்கிறார்.

‘இரந்தும் உயிர்வாழ்தல் வேண்டின் பரந்து கெடுக உலகியற்றி யான்.’ பிச்சை எடுத்துத்தான் ஒருவன் உயிர் வாழ வேண்டும் என்றால், இந்த உலகத்தைப் படைத்தவன் அலைந்து கெடட்டும். கடவுள் வாழ்த்தோடு நூலைத் தொடங்கின அதே வள்ளுவர் சொன்னதுதான். அவருக்கும் முன்னால், புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார் இருக்கிறார். ஒரு வீட்டில் சாப்பறை கொட்டுகிறது, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு. ஒருத்தி பூச்சூடி நிற்கிறாள், ஒருத்தியின் கண்ணில் நீர் வழிகிறது. இதைப் பார்த்துவிட்டு அவர் சொல்கிறார்: ‘படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்.’ இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன். உங்கள் அப்பா வீட்டில் நின்று சொன்னதை அவர் பாட்டிலேயே போட்டுவிட்டார். இன்னாது அம்ம இவ்வுலகம் என்று ஒத்துக்கொண்டு, இதன் இயல்பு தெரிந்தவர்கள் இதில் இனியதைக் காணட்டும் என்று அப்புறம்தான் சொல்கிறார்.

இவர்களாவது கோயில் கட்டளைக்கு வெளியே நின்றவர்கள் என்று பெரியப்பா சொல்லலாம். அவருக்குச் சுந்தரரைச் சொல்லுங்கள். கண் பறிபோய், ஒரு கண் மட்டும் திரும்பக் கிடைத்து, திருவாரூரில் சாமி முன்னால் நின்று பாடின பதிகம். ‘குற்றம் ஒன்றும் செய்ததில்லை, கொத்தை ஆக்கினீர்’ என்கிறார், குருடாக்கிவிட்டீர் என்று. ‘நீரே பழிப்பட்டீர்’ என்கிறார். அடியார்கள் உள்ளே தீயாகக் கனன்று, முகம் வாடி, தங்கள் கஷ்டத்தைச் சொன்னால் நீர் சும்மா இருப்பீர், நீரே நன்றாக வாழ்ந்து போம் என்று ஒவ்வொரு பாட்டையும் ‘வாழ்ந்து போதீரே’ என்று முடிக்கிறார். இதைவிடக் கோபமான பேச்சு நம் தமிழில் அதிகம் இல்லை. இதைச் சைவர்கள் மறைத்து வைக்கவில்லை. ஏழாம் திருமுறையில் வைத்துச் சாமி சன்னதியிலேயே ஓதுவார்கள் பாடுகிறார்கள். அப்படிப் பாடினதற்காக யாரும் சுந்தரருக்குப் பரிகாரம் சொல்லவில்லை, மறு கண் வந்தது என்றுதான் புராணம் சொல்கிறது.

உங்கள் அம்மா திரும்பி வரப் போவதில்லை என்பதால், அந்தக் கதையின் முடிவை வைத்து உங்களுக்கு நான் ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனால் இதைக் கவனியுங்கள். இல்லாத ஒருவரை யாரும் இப்படித் திட்டுவதில்லை. நாற்பது வருஷம் பேசிப் பழகின ஆளிடம்தான் ‘நீ மனுஷனா’ என்று கேட்கத் தோன்றும். அப்பாவுக்கு நம்பிக்கை போய்விட்டதா, இல்லையா என்று நாம் தீர்மானிக்க வேண்டாம், அவருக்கே இப்போது தெரிந்திருக்காது. பூஜை அறையை அவர் திறக்கலாம், திறக்காமலும் போகலாம். இரண்டுமே அவர் உரிமை.

பரிகாரத்துக்குப் பெரியப்பா ஐயரை அழைத்து வந்தால், அப்பா ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துச் செய்துவிடலாம் என்று மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது அவருக்குத் தெரிந்தால் உங்கள் மேலும் நம்பிக்கை போய்விடும். பெரியப்பாவிடம் மரியாதையாக, வருஷத் திதி வரட்டும், அப்பா எப்படிச் சொல்கிறாரோ அப்படிச் செய்வோம் என்று சொல்லிவிடுங்கள். அப்பா சாமியைத் திட்டும்போது தடுக்க வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள். அவர் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று பாருங்கள். எட்டு மாதம் ஆகியும் இரண்டும் சரியாக இல்லை, வெளியே யாரிடமும் பேசுவதில்லை என்றால் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே பார்க்கலாம். போய் வந்து எனக்கு எழுதுங்கள்.